எல்லாத்துக்கும் ஒரே வாளா, வேலைக்கொரு ஆயுதமா? எல்டன் ரிங்கில் கல் கணக்கு

பாம்பனில் ஒரு வத்தையில் இத்தனை வலைதான் ஏற்றலாம் என்று ஒரு அளவு இருக்கிறது. சூடை வலைக்குக் கண் சின்னது, திருக்கை வலைக்குப் பெரியது. சூடை வலையில் திருக்கை மாட்டினால் வலை கிழியும். திருக்கை வலையில் சூடை வந்தால் கண் வழியாகவே போய்விடும். வடகடலா தென்கடலா, இப்போது என்ன மீன் படுகிறது என்று பார்த்துத்தான் வலை ஏறும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வலை கொடுங்கள் என்று கடையில் போய் யாரும் கேட்பதில்லை.

ஆனால் எல்டன் ரிங் வீடியோ கேம் என்று வந்துவிட்டால், மண்டபத்திலிருந்து தொண்டி வரை விளையாடுகிற தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரு ஆயுதம் சொல்லுங்க." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கிற தடைக்காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூடும். 2022 பிப்ரவரியில் வந்த விளையாட்டு. இன்றும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதத்தின் பலத்தை +1, +2 என்று படிப்படியாக ஏற்றும் கல்தான் ஸ்மிதிங் ஸ்டோன். முதல் ஆட்டத்தில் அதில் சாதா வகை முழுவதும் ஒரே ஒரு பொது ஆயுதத்துக்குப் போகட்டும். தனித்திறன் உள்ள ஆயுதங்களுக்கான சோம்பர் ஸ்மிதிங் ஸ்டோன் முழுவதும் ஒரே ஒரு சிறப்பு ஆயுதத்துக்குப் போகட்டும். இவை இரண்டும் வேறு வேறு உண்டியல். ஒன்றில் எடுத்தால் மற்றதில் குறையாது. இதற்கு மேல் பையில் இருக்கும் மூன்றாவது, நான்காவது ஆயுதமெல்லாம் கல் செலவில்லாமல் வேலை செய்வதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை இருக்கின்றன, கீழே வருகிறேன்.

கல் எவ்வளவு போகிறது

சாதா ஆயுதம் +25 வரை ஏறும். முதல் எண் கல்லில் +1க்கு 2, +2க்கு 4, +3க்கு 6. ஆக 12 கல். அடுத்த மூன்று படிக்கு இரண்டாம் எண் கல் இதே 2, 4, 6. இப்படி எட்டாம் எண் கல் வரை போய் +24 முடியும்போது 96 கல் தீர்ந்திருக்கும். கடைசிப் படிக்கு ஒரு ஏன்ஷியன்ட் டிராகன் ஸ்மிதிங் ஸ்டோன். அது ஒரு ஆட்டத்தில் எண்ணிக்கையாகத்தான் கிடைக்கும் என்பதால், எல்லா வாளையும் +25 ஆக்கிவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

சோம்பர் ஆயுதம் +10 வரைதான். படிக்கு ஒரே கல். ஒன்றாம் எண்ணிலிருந்து ஒன்பதாம் எண் வரை ஒன்பது, கடைசிக்கு சோம்பர் ஏன்ஷியன்ட் டிராகன் ஒன்று, மொத்தம் 10. பலத்தில் சோம்பரின் ஒரு படி சாதாவின் இரண்டரைப் படிக்குச் சமம். அதாவது சோம்பர் +4 என்பது சாதா +10. நான்கே கல்லில் சோம்பர் அங்கே போய் நிற்கும்; சாதா வாளை அங்கே கொண்டுபோக 38 கல் வேண்டும். சிறப்பு ஆயுதம் வேண்டுமென்றால் சோம்பர் பக்கம் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தொடக்கத்தில் நடக்கிற தப்பு என்னவென்றால், சர்ச் ஆஃப் எலேயில் இருக்கும் பட்டறையில் +3 வரை ஏற்றலாம் என்பதைப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த மூன்று நான்கு வாள்களுக்கும் கல்லைப் பங்கு போட்டுவிடுகிறார்கள். நான்கு வாள் +3 ஆக 48 கல். அதே 48 கல் சரியான எண்களில் இருந்தால் ஒரே வாள் +12 வரை வந்திருக்கும். ஒன்றாம் எண் கல் மட்டும் குவிந்து கிடந்தால் +4க்கு அது உதவாது, உண்மைதான். ஆனால் இரண்டாம் எண் கல் வரத் தொடங்கிய பிறகும் அதே பழக்கம் தொடர்கிறது, அங்கேதான் ஆட்டம் கெடுகிறது. இந்த விளையாட்டு தானாகவே சேமித்துக்கொண்டே போகும். பட்டறையில் பொத்தானை அழுத்திவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை, போன கல் போனதுதான்.

கல் தட்டுப்பாட்டுக்கு மருந்து பெல் பேரிங், கடையில் கல்லை விற்பனைக்குத் திறந்துவிடும் பொருள். ராயா லுகாரியா கிரிஸ்டல் டனல் சுரங்கத்தின் பாஸ் (பெரிய எதிரி), ஸ்மிதிங் ஸ்டோன் மைனர்ஸ் பெல் பேரிங்கில் முதல் எண்ணைத் தரும். அதை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸ் என்ற கடைக்காரர்களிடம் கொடுத்தால், ஒன்றாம் இரண்டாம் எண் கல்லை ரூன் (ஆட்டத்தின் காசு) கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். இரண்டாவது பெல் சீல்டு டனலில், மூன்றாவது ஸாமோர் ரூயின்ஸில், நான்காவது க்ரம்ப்ளிங் ஃபாரும் அஸுலாவில். சோம்பர் வரிசையின் முதல் பெல் செல்லியா கிரிஸ்டல் டனலில் இருக்கிறது. பெல் கையில் வந்த பிறகு அந்தந்த எண் கல்லைத் தாராளமாகச் செலவழிக்கலாம். வரும் வரை கஞ்சத்தனம்தான் புத்திசாலித்தனம்.

அந்த முதல் பெல்லைக் காவல் காக்கிற பாஸையே கிட்ட நின்று பார்ப்போம், ஏனென்றால் பொதுவா சிறப்பா என்ற கேள்விக்கு விடை அந்த ஒரே அறைக்குள் இருக்கிறது. அது கிரிஸ்டலியன். உடம்பு முழுக்கக் கண்ணாடிக் கல். உச்சிகட்டானா ஏந்திப் போனவர் வெட்டுகிறார், வெட்டுகிறார், மேலே இருக்கும் உயிர்க்கோடு அசைவதே தெரியாது. ரத்தக்கசிவுக்காகத்தான் அந்தக் கத்தியை எடுத்தார். கல்லுக்கு ரத்தம் ஏது? பிளீட் அங்கே அறவே ஏறாது. மந்திரமும் பெரிதாகப் பிடிக்காது. செய்ய வேண்டியது, அதன் நிலையை ஒருமுறை உடைப்பது. குதித்து இறங்கும் கனத்த அடியும், பொத்தானைப் பிடித்து ஏற்றி விடும் கனத்த அடியும் நிலையை வேகமாகக் குலைக்கும். மொத்துகிற ஆயுதம் என்றால் இன்னும் சுருக்கில் முடியும். நிலை உடைந்து மண்டியிட்ட பிறகு அதன் ஓடு போய்விடும், அதற்கு மேல் எந்தக் கத்தியும் ஒழுங்காக இறங்கும். மோர்னிங் ஸ்டார் ஒன்று பையில் இருந்தால் இந்த அறையில் பாதி நேரம் மிச்சம். வீப்பிங் பெனின்சுலாவில் கவிழ்ந்து கிடக்கும் வண்டியின் பெட்டியில் அது இருக்கிறது, எடுக்க அதிக பலமும் தேவையில்லை.

சுரங்கங்களில் வேலை செய்யும் மைனர்களும் இப்படித்தான். லிம்கிரேவ் டனல்ஸில் முதலில் பார்ப்பீர்கள். தோல் கல்லாகிப் போனவர்கள். வெட்டும் குத்தும் பாதிக்குப் பாதி வீண், மொத்தினால் விழுவார்கள். கல் பொறுக்கத்தான் சுரங்கத்துக்குள் போகிறோம், ஆகவே இவர்களோடு பழகாமல் முடியாது.

எப்போது மாற்றுவது லாபம்

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாதா ஆயுதத்தில் ஒவ்வொரு படியும் அடிப்படை அடியில் சுமார் 5.8 சதவீதம் கூட்டும். கிளேமோரை எடுத்துக்கொள்ளுங்கள்: வெறும் வாளாக 138. +3ல் 162. +12ல் 234. +25ல் 338. இப்போது உங்கள் முக்கிய வாள் +12, பையில் இருக்கும் மொத்து ஆயுதம் +3, இரண்டுக்கும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். பையில் இருப்பது முக்கிய வாளின் 69 சதவீதம்தான் அடிக்கும். ஆகவே எதிரியிடம் அது ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இறங்கினால்தான் மாற்றியது லாபம். மைனரிடமும் கிரிஸ்டலியனிடமும் அந்த வித்தியாசம் கிடைக்கும். "இந்த பாஸுக்கு மொத்து கொஞ்சம் ஆகாதாம்" என்று கேள்விப்பட்டு மாற்றினால் கிடைக்காது, நஷ்டம்தான் வரும். 10, 20 சதவீதப் பலவீனத்துக்காகப் படி குறைந்த ஆயுதத்தைத் தூக்காதீர்கள்.

இதனால்தான் நான் பொது ஆயுதத்தை ஆதரிக்கிறேன். பெரும்பாலான எதிரிகளிடம் அடியின் வகை தருகிற லாபத்தைவிடப் படி தருகிற லாபமே பெரியது.

பொது ஆயுதம் என்று எதைச் சொல்வது

பட்டியலில் எண் பெரிதாக இருப்பதைப் பொது ஆயுதம் என்று நினைப்பவர்கள் அதிகம். எண் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் அதன் வீச்சைப் பாருங்கள். உடலடியில் சாதா, வெட்டு, மொத்து, குத்து என்று நான்கு வகை இருக்கிறது. ஒரே ஆயுதம் இரண்டு வகையைத் தர வேண்டும். அடுத்து, ஆயுதத்துக்குப் புதுத் திறன் தரும் ஆஷ் ஆஃப் வாரை ஏற்க வேண்டும். கொஞ்ச நேரம் மட்டும் நிற்கும் பூச்சான கிரீஸ் தடவ இடம் தர வேண்டும். தூக்கத் தேவைப்படும் ஸ்டாட் (லெவல் ஏறும்போது ஸ்ட்ரெங்த், டெக்ஸ் போன்றவற்றில் வைக்கும் புள்ளி) குறைவாக இருக்க வேண்டும்.

கிளேமோர் இந்த நாலுக்கும் பொருந்தும். காசில் மோர்னில் ஒரு பெட்டியில் கிடைக்கும். ஸ்ட்ரெங்த் 16, டெக்ஸ் 13, எடை 9. லேசான அடி அகல வீச்சு; நாய்க் கூட்டமோ சிப்பாய்க் கூட்டமோ சுற்றிக்கொண்டால் அதை விடுங்கள். கனத்த அடி நேரே பாயும் குத்து. கோட்டைப் படிக்கட்டு, கேட்டகோம் (நிலத்தடிக் கல்லறை) இடைவழி மாதிரி இடங்களில் அகல வீச்சு சுவரில் மோதி வீணாகும். அங்கே குத்து மட்டும். எதிரி ஓங்கிக்கொண்டிருக்கும்போது குத்து பட்டால் கூடுதல் அடி விழும் என்பதால், மெதுவாக ஓங்குகிற பெரிய உருவங்களுக்கும் குத்துதான் நல்லது. ஒரு வாள், இரண்டு வேலை, பையைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும். 12 ஸ்ட்ரெங்த் இருப்பவர் 18 கேட்கும் ஆயுதத்தை இரு கையில் தூக்கிவிடலாம். 54 வைத்தால் 81 ஆகி, 80க்கு மேல் லாபம் மெலிகிற அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கேடயம் இல்லாமல் இரு கையில் ஆடப்போகிறவர் 54க்கு மேல் ஸ்ட்ரெங்த் ஏற்றுவதை நிறுத்திவிட்டு உயிரளவைக் கூட்டும் விகருக்குப் போகலாம். ஆனால் இரண்டு கையிலும் ஒவ்வொரு வாள் பிடித்தால் இந்த ஒன்றரை மடங்கு இல்லை. அது தெரியாமல் ஜோடி வாள் எடுத்து, "அடி குறைஞ்சிடுச்சே" என்று குழம்புகிறார்கள்.

அஃபினிட்டி எனும் சாணை

சாதா ஆயுதத்தின் பெரிய பலம், அதன் குணத்தை, அதாவது அஃபினிட்டியை, மாற்றிக்கொள்ள முடிவது. கேட்ஃப்ரன்ட் ரூயின்ஸ் நிலவறைப் பெட்டியில் வெட்ஸ்டோன் நைஃப் எடுத்தவுடன் ஆஷ் ஆஃப் வார் பொருத்தலாம். ஸ்டார்ம்வெயில் கோட்டையில் ஒரு ஸ்டோன்ஸ்வோர்ட் கீ போட்டுத் திறக்கும் அறையில் அயர்ன் வெட்பிளேடு இருக்கிறது. அது வந்தால் ஹெவி (ஸ்ட்ரெங்துக்கு), கீன் (டெக்ஸுக்கு), குவாலிட்டி (இரண்டுக்கும்) மூன்றும் திறக்கும். ராயா லுகாரியாவில் கிடைப்பது மேஜிக், கோல்டு (குளிர்). ரெட்மேன் காசிலில் நெருப்பு வகை. லேண்டெலில் மின்னலும் சேக்ரெடும் (ஹோலி எனும் புனித அடி). நோக்ரானில் இருக்கும் பிளாக் வெட்பிளேடு விஷம், பிளட், ஆக்கல்ட். கிரேஸ் எனும் ஓய்விடத்தில் உட்கார்ந்து இதை மாற்றக் கல்லும் வேண்டாம், ரூனும் வேண்டாம். ஏற்றிய படியும் அப்படியே இருக்கும். ஒரே +12 கிளேமோர் காலையில் ஹெவி, மத்தியானம் கோல்டு.

இதில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள்.

ஒன்று குவாலிட்டி. பெயரே "எல்லாவற்றுக்கும்" என்பது போல ஒலிக்கும். ஸ்ட்ரெங்த், டெக்ஸ் இரண்டிலிருந்தும் பலம் எடுக்கும், உண்மை. ஆனால் இரண்டும் உயர்ந்திருந்தால்தான் எடுக்கும். லெவல் 50, 60ல் புள்ளிகளை 25, 25 என்று பிரித்து வைத்திருப்பவரைவிட, அதே புள்ளியை ஸ்ட்ரெங்தில் போட்டு ஹெவி வைத்தவர் அதிகம் அடிப்பார். குவாலிட்டி கடைசிக் கட்டத்தின் ஆடம்பரம். ஆயுதம் பொதுவாக இருக்கலாம். புள்ளியைப் பொதுவாகப் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது, பிரிந்த அடி. மேஜிக், நெருப்பு, சேக்ரெட் போன்றவற்றைப் பூசினால் வாளின் மொத்த எண் பெரிதாகத் தெரியும். ஆனால் உடலடி தனியாக, மந்திர அடி தனியாக, ஒவ்வொன்றும் எதிரியின் தற்காப்பைத் தனித்தனியே கடக்க வேண்டும். விளையாடுகிறவர்கள் அளந்து பிடித்து வைத்திருக்கும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். எதிரியின் தற்காப்பு எல்லா வகைக்கும் 100 என்று வைத்துக்கொண்டால், 400 முழு உடலடி கிட்டத்தட்ட 318 ஆக இறங்கும். அதே 400ஐ 200, 200 என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 133தான், மொத்தம் 267. திரையில் எண் ஒன்றுதான், உடம்பில் 51 குறைவு. எதிரிக்கு அந்தப் பூச்சு உண்மையிலேயே ஆகாது என்றால் மட்டும் இந்த நஷ்டம் திரும்பி வரும். பூசிய வாளின் மொத்தம், பூசாத வாளைவிடச் சற்றே கூடுதலாகத் தெரிந்தால் அது கூடுதல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பூச்சு வேண்டும், நிரந்தரமாக வேண்டாம் என்றால் கிரீஸ். ஹெவி, கீன், குவாலிட்டி மூன்றும் கிரீஸை ஏற்கும். நெருப்பு, மின்னல் பூசிய வாள்கள் ஏற்காது. சோம்பர் ஆயுதங்களில் சில ஏற்கும், பல ஏற்காது. ஏற்காத ஆயுதம் கையில் இருந்தால் கீழே கிரீஸின் படம் மங்கிப் போகும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பனிமூட்டக் கதவுக்கு வெளியே நின்று தடவிக்கொண்டு உள்ளே போங்கள். உள்ளே போய்த் தடவ நின்றால் பாஸ் காத்திருக்காது.

சோம்பர் பக்கம் எதை எடுப்பது

இங்கே சிறப்பைத் துணிந்து தேடலாம். ஆனால் ஸ்டாட் ஒத்துப்போக வேண்டும். லிம்கிரேவிலேயே ஃபார்லார்ன் ஹவுண்ட் எவர்கேலில் டாரிவிலை வீழ்த்தினால் பிளட்ஹவுண்ட்ஸ் ஃபேங். ஸ்ட்ரெங்த் 18, டெக்ஸ் 17, எடை 11.5, அடிக்கு 55 பிளீட். கிளேமோர்க்காரருக்கு இது பக்கத்து வீடு. டெக்ஸில் நான்கு, ஸ்ட்ரெங்தில் இரண்டு புள்ளி வைத்தால் போதும். அறிவுப் பக்கம் போகிறவருக்கு கேல் டனலின் மேக்மா வைர்மிடம் மூன்வெயில், அதற்கு இன்டெலிஜென்ஸ் 23 வேண்டும். ரைகார்டை வென்றால் கிடைக்கும் ரிமெம்பரன்ஸை மாற்றினால் வரும் பிளாஸ்ஃபமஸ் பிளேடு ஃபெயித் 21 கேட்கும்.

கூடாதது: ஸ்ட்ரெங்த் ஆளாக இருந்துகொண்டு, யாரோ வீடியோவில் ஆடினார் என்று மூன்வெயிலுக்காக இன்டெலிஜென்ஸில் பதினைந்து புள்ளி கொட்டுவது. சிறப்பு ஆயுதத்தின் விலை கல் மட்டுமில்லை, அதைத் தூக்கும் லெவல் புள்ளியும்தான். தவறிவிட்டால் ரெனாலாவை வென்ற பிறகு லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்துப் புள்ளியைத் திருப்பி அடுக்கலாம். கல்லுக்கு அந்த மன்னிப்பு கிடையாது.

கல்லே வேண்டாதவை

இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பிளீட், ராட் (அழுகல்), தூக்கம் போன்ற ஸ்டேட்டஸ், அதாவது அடிக்க அடிக்கச் சேர்ந்து வெடிக்கும் பாதிப்பு, சேரும் அளவு, படி ஏற்றுவதால் பெரும்பாலான ஆயுதங்களில் மாறுவதில்லை. உச்சிகட்டானா +0விலும் அடிக்கு 45 பிளீட், +25லும் 45. லிம்கிரேவ் டெத்டச்டு கேட்டகோம்ஸில் சும்மாவே கிடைக்கிறது. பிளீட் வெடித்தால் எதிரியின் முழு உயிரளவில் ஒரு பங்கு போகும், உங்கள் கத்தியின் படியைக் கேட்காது. அதனால்தான் உயிரளவு பெரிய பாஸ்களிடம் அது ருசி. அளவை ஏற்ற வேண்டுமென்றால் பிளட் அஃபினிட்டியும் ஆர்கேன் ஸ்டாட் புள்ளியும் வேண்டும். புள்ளி இல்லாமல் அஃபினிட்டி மட்டும் மாற்றினால் உடலடியைத்தான் இழப்பீர்கள்.

ஒவ்வொரு முறை வெடித்த பிறகும் எதிரியின் தாக்குப்பிடிக்கும் அளவு உயரும், அடுத்தது தாமதமாக வரும். நடுவில் அடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தால் சேர்ந்ததும் வடியும். எனவே சின்னக் கத்தியில் விடாமல் அடிக்க முடிகிறவருக்குத்தான் ஸ்டேட்டஸ் ஆட்டம். ஒரு அடி, தப்பிக்க இரண்டு உருளல், மறுபடி ஒரு அடி என்று ஆடுகிறவருக்குப் பெரிய வாள்தான் சரி.

கோல்டு வேறு மாதிரி. ஃப்ராஸ்ட்பைட் ஆனவுடன் ஒரு பெரிய அடி விழும், பிறகு 30 நொடிக்கு எதிரி வாங்கும் அடி சுமார் 20 சதவீதம் கூடும். இங்கே ஒரு பொறி: நெருப்பு பட்டால் ஃப்ராஸ்ட்பைட் அழிந்துவிடும். நீங்கள் கோல்டு வாளால் கஷ்டப்பட்டு ஏற்றி வைத்திருப்பீர்கள். கூப்பிட்ட ஸ்பிரிட்டோ கூட ஆடும் நண்பரோ நெருப்பை ஊதினால் 20 சதவீதம் அந்த நொடியே போச்சு. வேண்டுமென்றே அழித்து மறுபடி ஏற்றுகிற முறையும் இருக்கிறது, ஆனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

காட்ஸ்கின் டுவோவுக்குத் தூக்கம். ஃபாரும் அஸுலாவில் ஒரே அறையில் இருவர், ஒருவரை விழுத்தினால் மற்றவர் எழுப்புவார். செயின்ட் ட்ரினாஸ் ஸ்வோர்ட் +0விலேயே போதும், ஸ்லீப் பாட் இருந்தால் வாளே வேண்டாம். ஒருவரைத் தூங்கவைத்துவிட்டு, முழுப் படி ஏறிய உங்கள் பொது வாளால் மற்றவரை முடியுங்கள். தூங்குகிறவரை அடித்தால் எழுந்துவிடுவார். அகல வீச்சின் நுனி தெரியாமல் அவர் மேல் படுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து. கிளேமோரின் குத்து இங்கேயும் கைகொடுக்கும். ரடானுக்கு ஸ்கார்லெட் ராட் ஏறினால் கரைந்துகொண்டே இருக்கும். ஏற்றிவிட்டு டோரன்ட் என்ற குதிரை மேல் தூரமாகச் சுற்றி, உதவிக்கு ஆள் கூப்பிடும் சின்னங்களைத் தொட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

ஒரே எதிரிக்கான ஆயுதம்

வால்கனோ மேனரில் ரைகார்டின் அறைக்குள் நுழைந்தவுடன் தரையிலேயே செர்பன்ட் ஹன்டர் கிடக்கும். அந்தச் சண்டையில் மட்டும் அதன் திறன் நீண்ட காற்று அலையாக விரிந்து பாம்பின் தலைவரை எட்டும். வெளியே அந்த அலை வராது. பொது ஆயுதத்தை எவ்வளவு நேசித்தாலும் இங்கே கீழே வையுங்கள். எரிகுழம்பில் நின்றுகொண்டு கிளேமோரால் எட்டிப் பார்ப்பதில் பெருமையில்லை. முறை இது: கையில் இருக்கும் ரூனை முதலில் செலவழித்துவிடுங்கள். உள்ளே போய் ஈட்டியை எடுத்துக்கொண்டு செத்துவிடுங்கள். ரவுண்ட்டேபிளில் கொல்லர் ஹ்யூகிடம் அதை +3, +4 ஏற்றுங்கள். அது சோம்பர், மூன்று நான்கு கல்தான். தொடக்க எண் சோம்பர் கற்கள் அந்தக் கட்டத்தில் எப்படியும் பையில் தேங்கிக் கிடக்கும். திரும்பிப் போய் இரு கையில் பிடித்துத் திறனைப் பொத்தான் அழுத்தி ஏற்றி விடுங்கள்.

சுமையும் இடமும்

ஒவ்வொரு கைக்கும் மூன்று இடம். மூன்றையும் நிரப்பத் தோன்றும். ஆனால் மாட்டியிருக்கும் ஆயுதம் ஒவ்வொன்றும் சுமையில் சேரும், பையில் கிடப்பது சேராது. மொத்தச் சுமை 70 சதவீதத்தைத் தொட்டால் உருளல் மந்தமாகிவிடும். கிளேமோர் 9, பிளட்ஹவுண்ட்ஸ் ஃபேங் 11.5, இரண்டையும் மாட்டினாலே 20.5 போய்விட்டது. மாட்டுவது ஒன்று, சுமை இடம் தந்தால் இரண்டு. மற்றவை பையில் இருக்கட்டும். பாஸ் கதவுக்கு வெளியே மாற்றிக்கொள்ளலாம். உள்ளே மெனுவைத் திறந்தால் ஆட்டம் நிற்காது.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதியில் புதிதாக எட்டு ஆயுத வகை வந்தது. அங்கே உங்கள் அடியைத் தூக்குவது பெரும்பாலும் ஸ்காடுட்ரீ ஃப்ராக்மென்ட்தான். எந்த ஆயுதம் ஏந்தினாலும் அது சேர்ந்தே ஏறும் என்பதால், புதிய ஆயுதங்களைச் சோதிக்க அது தாராளமான இடம். பெல்லும் அதற்குள் கையில் இருக்கும்.

கடைசியாக, ஹோலி ஆயுதம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு. ட்ரீ சென்டினலிடம் கிடைக்கும் கோல்டன் ஹால்பர்டு போன்றவை வழியெல்லாம் அழகாகப் போகும். எழுந்து எழுந்து வரும் எலும்புக்கூடுகளை ஹோலியால் கொன்றால் மறுபடி எழாது என்பதால் கேட்டகோம்ஸில் அது பொன்னான ஆயுதம். ஆனால் ஆட்டத்தின் முடிவில் ரடகானும் எல்டன் பீஸ்டும் அடுத்தடுத்து வருவார்கள், இருவரும் ஹோலி அடியில் பெரும்பங்கை விழுங்கிவிடுவார்கள். நடுவில் கிரேஸ் இல்லை. அந்த வாசலுக்குப் போகும் முன், ஹோலி கலக்காத ஒரு ஆயுதம் முழுப் படியில் கையில் இருக்க வேண்டும். சாதா வாளில் சேக்ரெட் பூசி வைத்திருப்பவர் கிரேஸில் உட்கார்ந்து ஹெவிக்கோ கீனுக்கோ மாற்றினால் போதும், ஒரு நிமிட வேலை. சோம்பர் ஹோலி ஒன்றையே நம்பி வந்தவர், நான்காவது பெல் இருந்தால் ஏழாம் எட்டாம் எண் கல்லை வாங்கி, பையில் மூலையில் கிடக்கும் பழைய கிளேமோரை +24க்குக் கொண்டுபோய்விட்டு உள்ளே இறங்கட்டும்.